பழங்குரலும் புதுப்பாட்டும்

பழம்பொருளைப் பேணுதல் வேறு. அதனைப் புதுக்குதல் வேறு. பேணுவோன் காலம் விட்டுவைத்ததைக் காக்கின்றான். புதுக்குவோனோ காலம் கொண்டுபோனதைத் தன் கையால் நிரப்புகின்றான். இருவர் தொழிலும் உலகிற்கு வேண்டுவனவே. ஆயினும், நிரப்பியவன் தான் நிரப்பிய இடம் இதுவெனச் சொல்லாது விடுவானாயின், பின்வருவோர் பழையது எது, புதியது எது என்று அறியாது மயங்குவர். ஏட்டுச்சுவடிகளைப் பற்றிப் பேசுங்கால் நம் ஆசிரியர்கள் வகுப்பிற் பலகாலும் வற்புறுத்தும் இவ்வுண்மை, இந்நாளில் நாம் எதிர்பாராத ஒரு துறையிற் பெரிய வழக்காக எழுந்துள்ளது. அத்துறை ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாட்டு. மாண்டவர் பாடிவைத்த பழைய ஒலிநாடாவை எடுத்து, அதனோடு புதிய இசை கூட்டி, புதுப்பாட்டாக வெளியிடும் வழக்கம் மேனாட்டிற் பரவியுள்ளது. நம் நாட்டிலும் அதனையொத்த முயற்சிகள் நிகழ்கின்றன. அவ்வாறு வந்த பாட்டை இசையன்பர்கள் பழம்பதிவோடு ஒப்பிட்டு, அடியடியாக ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சி வீண்பொழுதுபோக்கன்று, தமிழ் மாணாக்கர் கற்கும் பாட ஆராய்ச்சியின் உடன்பிறப்பே அது என்று காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லில் ஒரு பாடம்

ஆராயும் முறையை முதலில் நம் நாட்டுக் கல்லொன்றிற் கண்டுகொள்வோம். அரியலூர் மாவட்டத்தில் ஜயங்கொண்டத்திற்கு அண்மையில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம் இன்று ஒரு சிற்றூர். முதலாம் இராசேந்திர சோழன், தன் படை வடக்கே கங்கைவரை சென்று வென்றதன் நினைவாக அமைத்த தலைநகர் அது. ஏறக்குறைய 250 ஆண்டுகள் சோழர் அங்கிருந்து ஆண்டனர். அரண்மனை இருந்த இடமாகிய மாளிகைமேட்டை அகழ்ந்தபொழுது செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகளே வெளிப்பட்டன. கோயில் மட்டும் ஓங்கி நிற்கின்றது. 2004-ஆம் ஆண்டில் அஃது உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

நிற்கும் அக்கோயிலும் குறையாததன்று. 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபொழுது, கோயிலின் மதிற்கற்கள் பெயர்க்கப்பட்டு அணைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஊர்மக்கள் தடுக்க முயன்றும் பயனில்லை. கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகச் சொல்லப்பட்ட சொல்லும் காக்கப்படவில்லை என்று அந்நூற்றாண்டிலேயே எழுதிவைத்துள்ளனர்.

இத்தகைய கோயிலிற் கல்வெட்டைப் படிப்பவர் எவ்வாறு படிக்கின்றார்? கல்லைக் கழுவித் தூய்மை செய்து, நனைந்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளங்களிற் பதியச் செய்கின்றார். பின்பு மை ஒற்றுகின்றார். கருநிறத் தாளில் எழுத்துக்கள் வெண்மையாகத் தோன்றுகின்றன. இதற்கு மைப்படி என்று பெயர். அதனைப் பார்த்து எழுதி அச்சிடுங்கால், சிதைந்த எழுத்தையும் தாம் ஊகித்து நிரப்பிய எழுத்தையும் பகர அடைப்புக்குள் இட்டுக் காட்டுகின்றார். அறவே அழிந்த இடத்தைப் புள்ளிகளால் குறிக்கின்றார். கங்கைகொண்ட சோழபுரத்தில் உள்ள வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டாயினும், வேறு எவ்வூரிலுள்ள இரண்டடித் துண்டாயினும் முறை இதுவே. அடைப்புக்குள் இருப்பது ஆய்வாளர் சொல். வெளியே இருப்பது கல்லின் சொல். அந்தச் சிறு கோடுகள் இரண்டும் இல்லையாயின், சோழன் சொன்னது எது, இருபதாம் நூற்றாண்டினர் சொன்னது எது என்று பிரித்தறிய வழியே இல்லாது போம்.

ஏட்டிலும் இவ்வாறே. இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் பயின்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர், 1887-இற் சீவக சிந்தாமணியையும் 1894-இற் புறநானூற்றையும் அச்சிட்டபொழுது, பல பிரதிகளை ஒப்புநோக்கினார். ஒரு பிரதியில் ஒரு சொல்லும் மற்றொன்றில் வேறு சொல்லும் காணப்படின், தமக்குச் சிறந்ததென்று தோன்றியதை மூலத்திற் கொண்டு, மற்றையவற்றைப் பாடபேதமாக அடியிற் குறித்தார். சிதைந்த பாட்டைச் சிதைந்தவாறே பதிப்பித்தார். இடைவெளியைத் தம் புலமையால் நிரப்ப அவருக்கு ஆற்றல் இல்லாமற்போகவில்லை. நிரப்பலாகாது என்ற நேர்மை இருந்தது.

புதுக்கல் நால்வகை

இனி, இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு பாட்டிடம் செல்வோம். பழைய ஒலிப்பதிவைப் புதுக்குதல் நான்கு வகையாக நிகழ்கின்றது. இவற்றைப் பிரித்தறியாமையாலேயே பல வாதங்கள் வீணாகின்றன.

முதலாவது, தூய்மை செய்தல். 1964-இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படத்தின் படமும் ஒலியும் கணிப்பொறி கொண்டு சீர்செய்யப்பட்டு, 2012-இல் மறுபடியும் திரைக்கு வந்தமை பலரும் அறிந்தது. கீறலும் இரைச்சலும் களையப்பட்டு விசுவநாதன் – இராமமூர்த்தி இருவரின் இசை புதுப்பொலிவோடு கேட்டது. இது கல்லைக் கழுவி மைப்படி எடுப்பதனை ஒக்கும்.

இரண்டாவது, மறுபாடல். 1970-இல் ‘சொர்க்கம்’ படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய ‘பொன்மகள் வந்தாள்’, 2007-இல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் ஏ. ஆர். ரகுமானின் அமைப்பில் வேறு குரல்களாற் பாடப்பெற்றது. மெட்டுப் பழையது, மிடறு புதியது. இதில் மயங்குதற்கு இடமில்லை.

மூன்றாவது, பிரித்துக் கூட்டல். பழம்பதிவிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்து, அதன்மேற் புதிய வாத்தியங்களையும் புதிய குரல்களையும் சேர்ப்பது. நான்காவது, குரல் புனைதல். மாண்டவர் ஒருநாளும் பாடாத பாட்டை அவர் குரலின் சாயலிற் பொறியால் உண்டாக்குவது. இவ்விரண்டிலுமே அடைப்புக்குறியின் தேவை மிகுகின்றது. ஆதலின் இவற்றைச் சிறிது விரித்துரைப்போம்.

ஓர் ஒலிநாடாவின் கதை

பிரித்துக் கூட்டலுக்கு மிகத் தெளிவான சான்று மேனாட்டு ராக் இசைக்குழுவொன்றின் வரலாற்றில் உள்ளது. இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் 1960-இல் உருவாகி, 1970-இற் பிரிந்த பீட்டில்ஸ் குழுவை அறியாதார் இலர். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்னும் நால்வர் அக்குழுவினர். லெனன் 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் நகரத்துத் தம் இல்லத்தில், பியானோ வாசித்துக்கொண்டே ஒரு பாட்டைச் சாதாரண ஒலிநாடாவிற் பதிந்து வைத்தார். ‘நௌ அண்ட் தென்’ என்பது அதன் பெயர். பாட்டு முற்றுப்பெறவில்லை. 1980-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் மனைவி யோகோ ஓனோ 1994-இல் அந்நாடாவையும் வேறு சில பதிவுகளையும் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். எஞ்சிய மூவரும் கூடி, அவற்றுள் இரண்டு பாடல்களை நிறைவுசெய்து 1995, 1996-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். மூன்றாவதாகிய இதனை மட்டும் தொட்டுப் பார்த்துக் கைவிட்டனர். காரணம், நாடாவில் மின்னோட்டத்தின் இரைச்சல் ஓயாது ஒலித்தது. பியானோவின் ஒலி குரலை மூடியது. ஒன்றை உயர்த்தினால் மற்றதும் உடன் உயர்ந்தது. பின்னர் 2001-இல் ஹாரிசனும் மறைந்தார்.

இவ்விடர் அந்நாடாவிற்கே உரியதன்று. நம் 1960-களின் திரைப்பாடல்களிலும் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்திற் சேர்ந்திருந்து, ஒரே வேளையிற் பாடியும் வாசித்தும் பதிவுசெய்தனர். எல்லா ஒலியும் ஒரே தடத்தில் ஒன்றாய்க் கலந்தன. கலந்த பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைக் கவிகள் பாடினர்; ஆனால் கலந்த ஒலியைப் பிரிக்கும் அன்னம் அண்மைக்காலம் வரையில் எவர் கையிலும் இல்லை.

அவ்வன்னம் திரைப்படத் துறையிலிருந்து வந்தது. பீட்டர் ஜாக்சன் என்னும் இயக்குநர், 1969-ஆம் ஆண்டு ஜனவரியில் எடுக்கப்பட்ட பீட்டில்ஸ் படச்சுருள்களைக் கொண்டு 2021-இல் ஒரு நீண்ட ஆவணப்படம் வெளியிட்டார். அதற்காக அவர் குழுவினர், பயிற்சி பெற்ற கணிப்பொறி முறையொன்றை அமைத்தனர். மாந்தர் குரல் இத்தன்மையது, பியானோ ஒலி இத்தன்மையது என்று மிகப் பல எடுத்துக்காட்டுக்களால் அப்பொறிக்குப் பழக்கினர். பின்பு கலந்த ஒலியைக் கொடுத்தால், அது குரலை ஒரு தடமாகவும் வாத்தியத்தை ஒரு தடமாகவும் பிரித்துத் தந்தது. அம்முறையால் லெனனின் குரல் அந்நாடாவினின்றும் பிரிக்கப்பட்டது. 2022-இல் மெக்கார்ட்னியும் ஸ்டாரும் பாட்டை நிறைவுசெய்யும் வேலையை மீண்டும் எடுத்தனர். 2023-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் அப்பாட்டு வெளிவந்தது. 2025-ஆம் ஆண்டு கிராமி விருதுகளுள் சிறந்த ராக் இசைக்குரிய பரிசையும் பெற்றது.

கேட்போர் செய்த ஆராய்ச்சி

பாட்டு வெளிவந்தவுடன் அதன் அன்பர்கள் செய்ததே நம் கருத்திற்கு உரியது. லெனனின் மூலப்பதிவின் படிகள் உரிமையின்றிப் பல்லாண்டுகளாகக் கைமாறி வந்திருந்தன. அதனாற் பழைய பிரதி, புதிய பிரதி என இரண்டும் அன்பர் கையில் இருந்தன. சுவடியாராய்வார்க்கு இதைவிட நல்வாய்ப்பு வேறில்லை. அவர்கள் முதலில் வினவியது, ‘எது விடப்பட்டது?’ என்பது. லெனன் பல்லவியை அடையுமுன் பாடிய ஒரு பகுதி புதுப்பாட்டில் இல்லை என்று உடனே கண்டனர். அது முற்றுப்பெறாத பகுதியாதலின் விட்டது தகும் என்றார் சிலர். பாட்டின் உயிரே அப்பகுதியில்தான் உள்ளது, அதனை நீக்கியது மூலத்திற்குக் கேடு என்றார் வேறு சிலர். பதிப்பாசிரியன் சிதைந்த பகுதியைக் கொள்ளலாமா, தள்ளலாமா என்ற பழைய வழக்கே இது.

இரண்டாவதாக, ‘எது கூட்டப்பட்டது?’ என்று வினவினர். இதற்கு விடையின் பெரும்பகுதியை வெளியிட்டவரே தந்துவிட்டனர். ஹாரிசன் 1995-இல் வாசித்து வைத்த கிதார் சேர்க்கப்பட்டது. மெக்கார்ட்னி புதிதாக வாசித்த கிதார்ப் பகுதியொன்று ஹாரிசன் வாசிக்கும் பாணியைத் தழுவி, அவருக்கு அஞ்சலியாக அமைந்தது. நரம்பிசைக் கருவிகள் புதியன. பின்னணிக் குரல்கள் அக்குழுவின் மூன்று பழம்பாடல்களிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டன. இவற்றை அன்பர்கள் காதாற் கேட்டு, இது முப்பதுகளில் இருந்த லெனன் குரல், இஃது எண்பதைக் கண்ட மெக்கார்ட்னி குரல் என்று பிரித்தறிந்து மகிழ்ந்தனர்.

பழம்பாடல்களின் குரல்களைப் பெயர்த்துப் புதுப்பாட்டிற் பொருத்தியதைக் கேட்கும்பொழுது, கீழணைக்குச் சென்ற சோழர் கற்கள் நம் நினைவிற்கு வருகின்றன. அணை உழவர்க்கு நன்மை செய்தது என்பதை எவரும் மறார். ஆயினும் அணைக்குச் சென்ற கல் கோயிலுக்குத் திரும்பாது. கோயில் அவ்வளவிற் குறைந்தது. ஒலியின் இயல்போ வேறு. அதனை எத்தனை முறை எடுத்துப் புதிதிற் பொருத்தினாலும் மூலநாடா குறைவதில்லை. ஆகவே ஒலியைப் புதுக்குவோன், கல்லைப் பெயர்த்தவனினும் நற்பேறு பெற்றவன். மூலத்தை அழியாது வைத்துக்கொண்டே புதியதைக் கட்ட அவனால் இயலும். அப்பேறு இருந்தும் மூலத்தைக் காவாது விடுவானாயின், அவன் குற்றம் பெரிது.

அன்பர் ஆராய்ச்சியில் வழுவும் உண்டு. அதனையும் கூறுதல் வேண்டும். 1969-ஆம் ஆண்டில், மெக்கார்ட்னி முன்னரே இறந்துவிட்டார், அவரைப் போன்ற வேறொருவர் நடிக்கின்றார் என்று ஒரு வதந்தி அமெரிக்காவிற் பரவியது. அதனை நம்பியோர் இசைத்தட்டுக்களைப் பின்னோக்கிச் சுழற்றிக் கேட்டு, அதில் மறைச்செய்தி உண்டென்று சாதித்தனர். மெக்கார்ட்னியோ ஸ்காட்லாந்தில் உள்ள தம் பண்ணையில் நலமாக இருந்தார். பின்னர் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், புதுப்பாட்டிற்குச் செயற்கை நுண்ணறிவு உதவியது என்று அவர் ஒரு நேர்காணலிற் கூறியவுடன், லெனனின் குரலே பொய்யாகச் செய்யப்பட்டது என்று பலர் எண்ணினர். செயற்கையாக ஒன்றும் உண்டாக்கப்படவில்லை, பழைய குரல் தூய்மை செய்யப்பட்டதே என்று அவர் விளக்க நேர்ந்தது. மூன்றாம் வகையை நான்காம் வகையாகக் கருதியதால் வந்த மயக்கம் இது. சான்றுக்கு மேற்பட்டுக் கேட்கும் செவி, கல்லில் இல்லாத எழுத்தைப் படிக்கும் கண்ணை ஒக்கும்.

நம் நாட்டில் எழுந்த வினா

நான்காம் வகைக்குச் சான்று தேட மேனாடு செல்லவேண்டுவதில்லை. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தில் ‘திமிறி எழுடா’ என்றொரு பாட்டு உள்ளது. அதில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய இருவர் குரல்கள் ஒலிக்கின்றன. சாகுல் ஹமீது ‘காதலன்’ படத்தின் ‘ஊர்வசி ஊர்வசி’ பாட்டால் நாடறிந்தவர், 1997-இல் மறைந்தவர். பம்பா பாக்யா, சோழநாட்டின் காவிரியைப் பெயரிற் கொண்ட ‘பொன்னி நதி’ என்னும் பாட்டிற் பாடிய சில வாரங்களிலேயே, 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் மறைந்தார். இருவர் குரற்சாயலையும் பொறியால் அமைத்தே அப்பாட்டு ஆக்கப்பட்டது. இசையமைத்த ரகுமான், இருவர் குடும்பத்தாரின் இசைவு பெற்றதையும், அவர்களுக்குரிய ஊதியம் அனுப்பியதையும் வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டில், ஜனவரி 25-ஆம் நாள் மறைந்த பவதாரிணியின் குரலும் ‘சின்னச் சின்னக் கண்கள்’ என்ற பாட்டில் இவ்வாறே கேட்டது. அதற்கு இசையமைத்தவர் அவருடன் பிறந்த யுவன் சங்கர் ராஜா.

இப்பாடல்களைக் கேட்டோர் இருதிறத்தாராயினர். மறைந்தவரை மீண்டும் கேட்கப் பெற்றோம் என்று கண்ணீர் மல்கினோர் ஒரு திறத்தார். மாண்டவர் தாம் அறியாத பாட்டிற்கு எவ்வாறு இசைவு தருவார் என்று வினவினோர் மற்றொரு திறத்தார். இருதிறத்தார் உள்ளத்திலும் அன்பே உள்ளது. ஆதலின் எவரையும் இகழாது, பொறியின் தொழிலை மட்டும் நோக்குவோம்.

குரல் புனையும் முறைகளுள் பெருவழக்கானது ஒன்று உண்டு. முதலில் உயிரோடுள்ள ஒருவர் அப்பாட்டைப் பாடுகின்றார். மறைந்தவரின் பழைய பதிவுகளிலிருந்து அவர் குரலின் நிறத்தைக் கற்ற பொறி, அந்நிறத்தை இவர் பாடியதன்மேல் ஏற்றுகின்றது. அங்ஙனமாயின், மூச்சு யாருடையது? தாளத்திற்கு ஒரு மயிரிழை முந்தியும் பிந்தியும் சொல்லை இடும் நயம் யாருடையது? அவை பாடினவருடையவை. நிறம் மட்டுமே மறைந்தவருடையது. விவிலியத்தில், கண்மங்கிய ஈசாக்கு இளைய மகனைத் தடவிப் பார்த்துக் குரல் ஒருவனுடையதாகவும் கை மற்றொருவனுடையதாகவும் இருக்கக் கண்டு ஐயுற்ற வரலாறு நம்மிற் பலரும் அறிந்ததே. அங்கே கை ஏமாற்றியது, குரல் உண்மை சொல்லிற்று. இங்கே குரலே வேடம் புனைகின்றது. இனி எதனைத் தடவிப் பார்த்து நாம் உண்மை அறிவது?

ஆதலின் குரல் புனைந்த பாட்டில் அடைப்புக்குறி இருமடங்கு வேண்டுவதாகின்றது. மாண்டவர் இதனைப் பாடவில்லை என்று சொல்லுதல் ஒன்று. அடியில் நின்று பாடிய உயிருள்ள பாடகர் இன்னார் என்று சொல்லுதல் மற்றொன்று. முன்னதைச் சொல்லாது விட்டால் மாண்டவர்க்குத் தீங்கு. பின்னதைச் சொல்லாது விட்டால் வாழ்பவர்க்குத் தீங்கு. பெரும்பாலார் முன்னதைப் பற்றியே பேசுகின்றனர். பின்னதும் அதற்குக் குறைந்ததன்று. ஓர் இளம்பாடகர் தம் மூச்சைக் கொடுத்துத் தம் பெயரை இழப்பாராயின், அப்பாட்டால் மகிழ்ந்தோர் அனைவரும் அவர்க்குக் கடன்பட்டவரே.

ஒலி எஞ்சாத பழம்பாட்டு

தமிழர்க்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. தேவாரப் பாடல்கள் தில்லையில் ஓர் அறையிற் கிடந்தன என்றும், சோழமன்னனும் நம்பியாண்டார் நம்பியும் சென்று திறந்து பார்த்தபொழுது பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். அம்மன்னன் இராசேந்திரனின் தந்தையாகிய முதலாம் இராசராசனே என்பது பரவலான மரபு. பின்பு பண் இன்னதென்று அறிவதற்காக எருக்கத்தம்புலியூர் சென்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டு பண்முறை வகுத்தனர் என்பதும் அந்நூல் கூறும் வரலாறு. இதனை வரலாறாகக் கொள்ளினும் மரபுக்கதையாகக் கொள்ளினும், அதிலுள்ள ஒழுங்கு நோக்கத்தக்கது. செல்லரித்த பாடல்களை எவரும் புதிதாக இயற்றி மூவர் பெயரால் வைத்ததாக அக்கதை கூறவில்லை. இழந்தது இழந்ததாகவே விடப்பட்டது. பண்ணை வகுத்தவர் யார் என்பதும் மறைக்கப்படவில்லை. பெண்ணொருவரின் பங்கு கதையிலேயே நிலைபெற்றது.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்கும் உரிய பாட்டு உண்டு. கருவூர்த்தேவர் பாடிய திருவிசைப்பாப் பதிகம் ஒன்பதாந் திருமுறையில் உள்ளது. பிரமன் அன்னமாய்ப் பறந்து தேடியதை அதன் முதற்பாட்டுக் குறிக்கின்றது. பண் பஞ்சமம் என்று பதிப்புக்களில் எழுதப்பட்டுள்ளது. கருவூர்த்தேவர் பாடிய ஒலியைப் பதிந்து வைக்க அந்நாளில் நாடா இல்லை. பிற்காலத்தார் பஞ்சமம் என்பதை ஆகிரி இராகத்தோடு இயைத்தனர். ஓதுவார் இன்று அவ்விராகத்திற் பாடுவர். இவ்வியைபுகள் பொருந்துமா என்று ஆராயவே, 1943-இற் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் 1949 முதற் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தலாயிற்று. இங்கே பண்ணின் பெயரும் இராகத்தின் பெயரும் ஒன்றையொன்று விழுங்கவில்லை. ஏட்டில் வந்த பெயர் பஞ்சமம், பின்னோர் இயைத்த பெயர் ஆகிரி என இரண்டும் அருகருகே நிற்கின்றன. இதுவும் ஒருவகை அடைப்புக்குறியே. அது நிற்பதனாலேயே ஆராய்ச்சிக்கு இடமிருந்தது. பழையதைப் புதியது மூடிவிட்டிருந்தால், வினவுதற்கே ஒன்றும் எஞ்சியிராது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பழங்குரலைப் புதுக்குதல் குற்றமன்று என்பதும், புதுக்கியதை மறைத்தலே குற்றம் என்பதும் போதரும். ஆகவே புதுக்குவோர் கடமை மூன்றென்னலாம். மூலநாடாவைத் திருத்தாது, தூய்மையும் செய்யாது, கிடைத்தவாறே ஒரு படி காத்துவைத்தல் முதற்கடமை. பாட்டை வெளியிடுங்கால், இன்ன பகுதி இன்ன ஆண்டில் இன்னார் பாடியது, இன்ன பகுதி இன்று சேர்த்தது, இன்ன பகுதி பொறி புனைந்தது என்று எழுதிக் கொடுத்தல் இரண்டாங்கடமை. மறைந்தவரின் சுற்றத்தார் இசைவையும், உடன்பாடிய உயிருள்ளவரின் பெயரையும் மறவாமை மூன்றாங்கடமை.

கேட்போர்க்கும் கடமை உண்டு. பழைய பிரதியைத் தேடிக் கேட்டல், விடப்பட்டதையும் கூட்டப்பட்டதையும் தனித்தனியே குறித்தல், காதிற்கு எட்டாததை எட்டியதாகச் சொல்லாமை ஆகிய இவையே அவை. இவற்றுள் ஈற்றில் நின்றதே அரியது. அன்பு மிகுந்தவிடத்தில் இல்லாததும் கேட்கும். பகை மிகுந்தவிடத்தில் உள்ளதும் கேளாது. நடுநின்ற செவியே பாட ஆராய்ச்சிக்கு முதற்கருவி.

நண்பர்காள், நாம் தமிழ் வகுப்பிற் பாடபேதங்களை ஒப்புநோக்குங்கால், இப்பயிற்சி எதற்கு என்று சிலர் நகைப்பதுண்டு. இன்று ஊர்தோறும் கையடக்கக் கருவியிற் பழம்பாட்டும் புதுப்பாட்டும் கலந்து ஒலிக்கின்றன. தாத்தா கேட்ட குரல் இதுதானா என்று பேரன் கேட்டால், ஆம் என்றோ, இவ்வளவு ஆம், இவ்வளவு அன்று என்றோ மெய்யாக விடை சொல்ல வல்லார் சிலரேனும் வேண்டும். ஆயிரம் ஆண்டு நின்ற கல்லை ஓர் எழுத்தும் கூட்டாது படிக்கக் கற்ற நாம், நம் காலத்துக் குரல்களையும் அவ்வாறே காத்துப் பின்வருவோர் கையிற் கொடுப்போமாக.